எந்த வழியாக வருகிறார்?

என் கணவர் இறந்த வருஷம் திருப்பூரில் நல்ல மழை. அந்த வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். எழுபதுகளின் ஆரம்பம். அவர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். தாராபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்து, கட்டிலில் படுக்க வையுங்கள் என்றேன். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். பால் பொங்கி வழிந்திருந்தது, அதையும் துடைத்தேன்.

கேதம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "அழுதுரு கண்ணு, இல்லீன்னா நெஞ்சுலயே நின்னுக்கும்" என்றாள் ஒரு பெரியம்மா. எனக்கு அழுகை வரவில்லை. "படிச்சவளாச்சே" என்று சமையலறையில் யாரோ குசுகுசுத்தது நன்றாகவே கேட்டது. படிப்புக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து போய்க் கேட்டிருப்பேன். அதற்கும் அலுப்பாக இருந்தது.

நான் படித்தது மருத்துவ உளவியல், பெங்களூரில். அந்தக் காலத்துத் திருப்பூரில் இதை யாருக்கும் விளக்க முடியாது. மாத்திரை தரமாட்டேன், ஊசி போடமாட்டேன், பேசுவேன் என்று சொன்னால், "பேசறதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?" என்பார்கள். நியாயமான கேள்விதான். "பைத்தியத்துக்குப் பாக்கற அம்மா" என்று பெயர் வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக அனுப்பி வைப்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு அறை. முன்பக்கம் தார் ரோடு, பஸ் நிற்கும் இடம். முன்வாசலில் நுழைந்தால் பிரசவ வார்டு. அதன் நடைபாதையைக் கடந்தால் மருந்து கொடுக்கும் இடம், அப்புறம் என் அறை. பின்பக்கம் ஒரு சந்து. சலவைப் பட்டறைகளின் பிளீச்சிங் தண்ணீர் அந்தச் சந்துச் சாக்கடையில்தான் ஓடும். மழை பெய்தால் சாக்கடையும் சந்தும் ஒன்றாகிவிடும். நான் பின் கேட்டைத் திறந்து, துவைக்கிற கல்லருகே செருப்பைக் கழற்றி, குழாயில் கால் கழுவிக்கொண்டு அறைக்குள் போவேன். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு மண்பானை. எனக்குப் போதுமானதாக இருந்தது.

கருமாதி முடிந்த கொஞ்ச நாளிலேயே வேலைக்குத் திரும்பினேன். அதுவே ஊரில் பேச்சானது. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணன் வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊருக்கு வந்துரு அம்மிணி. மேக்கால ரூம்பைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்குது. தனியா இங்க என்னத்துக்கு?"

மேற்கால ரூம்பு எனக்குத் தெரியும். ஒரு ஜன்னல், அதிலிருந்து மாட்டுக் கொட்டகை தெரியும். சின்ன வயதில் புருஷனை இழந்த எங்கள் அத்தை அந்த அறையில்தான் இருந்தாள். புளி குத்தினாள், கொட்டை எடுத்தாள், விசேஷம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டாள், அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. "வேலை இருக்குதுங்கண்ணா" என்றேன். "பாக்கலாம்" என்று அண்ணன் எழுந்து போனார்.

வேலைக்கும் ஆபத்து வந்தது. ஆஸ்பத்திரியின் டாக்டர் சிக்கனமாகப் பேசுபவர். ஒருநாள் என் அறை வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "உங்ககிட்ட வர்றவங்க ரெண்டு மூணு பேர் சொன்னாங்க. செவுத்துக்கிட்டப் பேசற மாதிரி இருக்குதுன்னு." எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவரே தொடர்ந்தார். கோயமுத்தூரில் ஒரு மனநல டாக்டர் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்திருக்கிறார், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை போய் அவரோடு கேஸ்களைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் தொடர்ந்து பார்க்கலாமா என்று அவர் எனக்குச் சொல்லட்டும் என்றார். "இல்லைன்னா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்க." ரெஸ்ட் என்றால் மேற்கால ரூம்பு. எனக்கு அது உடனே புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான்.

அவிநாசி சுற்றிப் போகும் பஸ்ஸில் கோயமுத்தூர் போனேன். மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. நிபுணர் என்றதும் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒருவரை நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது என் கடைசித் தம்பி வயதுப் பையன். பையன் என்று சொல்லக் கூடாது, பெரிய படிப்புப் படித்தவர். பம்பாயில் வளர்ந்தவர், தமிழைக் கொஞ்சம் தேடித் தேடித்தான் பேசுவார். ஒரு சிகரெட்டை அணைத்து இன்னொன்றைப் பற்ற வைப்பார். என்னை மேடம் என்றார். நான் டாக்டர் என்றேன். இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது.

"நான் பாடம் எதுவும் நடத்தப்போறதில்லை மேடம்" என்றார். "நீங்க ஒரு கேஸைச் சொல்லுங்க, பேசுவோம். அங்கே நாங்க கத்துக்கிட்டது இப்படித்தான். காகிதத்தைப் பார்க்காம சொல்லணும். அவர் என்ன சொன்னார், எப்படி உட்கார்ந்தார், நீங்க என்ன சொன்னீங்க. அப்புறம், அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தோணுச்சு."

முதல் மூன்றும் எனக்குச் சுலபம். நான்காவது வரும்போதெல்லாம், "ஒண்ணும் தோணலைங்க" என்றேன்.

பெங்களூரில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்தான் இது. எதிரில் இருப்பவர் பேசும்போது உன் மனதில் எழுவதைக் கவனி, அதுவும் ஒரு கருவி என்பார்கள். நானும் அப்போது நல்ல மாணவிதான், பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தக் கருவி இப்போது என்னிடம் இல்லை. அது இல்லாததற்காக வருத்தப்படவும் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார், நான் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். காய்கறிக்காரரிடம் கத்திரிக்காய் இருக்கிறதா என்று கேட்பதுபோல அது நடந்துகொண்டிருந்தது.

நான் அவரிடம் கொண்டுபோன கேஸ் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். முப்பது வயதிருக்கும். அவிநாசிபாளையத்துக்காரர், தினம் பஸ்ஸில் வந்து போவார். மேஜைமேல் பனியன் துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, அளவு போட்டு, பெரிய கத்திரியால் வெட்டுகிற வேலை. நிதானமான ஆள் என்று கம்பெனியில் பெயர். ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். அவருடைய வலது கைப் பெருவிரல் கத்திரிப்பிடியின் வளையத்தில் உரசி உரசிக் கிழிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே, கையுறை போட்ட மாதிரி, வலது கை முழுவதும் உணர்ச்சியில்லை. எங்கள் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். கோயமுத்தூரிலும் பார்த்தார்கள். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள்.

மனசில் இருப்பது உடம்பில் இப்படி வரும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்ப்பது முதல் தடவை. அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்வார். யாரோ கொடுத்து வைத்துவிட்டுப் போன சாமானைப்போல இடது கையால் அதைப் பிடித்திருப்பார்.

"எப்படியிருக்குது?" என்றால், "பரவால்லீங்க" என்பார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"கவலையா இருக்குதா?"

"ஆமாங்க."

இளம் டாக்டர் உற்சாகமாக இருந்தார். கை என்றால் வேலை, வேலை என்றால் முதலாளி, முதலாளிமேல் சொல்ல முடியாத கோபம், கத்திரியை ஓங்கிவிடக் கூடாதென்று கை தன்னையே நிறுத்திக்கொண்டுவிட்டது என்றார். கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நான் திரும்பி வந்து அப்படியே கேட்டேன்.

"முதலாளி மேல கோபம் இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"அதை வெளியே சொல்ல முடியலையோ?"

"ஆமாங்க."

அடுத்த சனிக்கிழமை டாக்டருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா, ஒத்துக்கிறார்!" என்றார். எனக்கு அந்த மாதங்களில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான், எரிச்சல். அது கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"டாக்டர், எங்க பக்கத்து ஆளுகளைப் பார்த்து, உங்களுக்கு வால் முளைச்சிருக்குதுங்களான்னு கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாங்க. கேக்கற ஆளு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது அது. அந்த முதலாளி அவர் கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தி வெச்சவருங்க."

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சிரித்துவிட்டு சிகரெட்டை அணைத்தார். "அப்போ நாம தப்பான கேள்வி கேட்டிருக்கோம்" என்றார். நாம் என்றார், நீங்கள் என்று சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒரு நல்ல அபிப்பிராயம் வந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அவர் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு விட்டுடுவோம். கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க. உங்க ரூமுக்கு அவர் எந்த வழியா வருகிறார்?"

"பின் கேட் வழியாங்க."

"எப்படித் தெரியும்?"

"செருப்புல சேறு இருக்கும். கல்லுக்கிட்டக் கழட்டி வெச்சிட்டுக் காலைக் கழுவிட்டுத்தான் வருவார்."

"பஸ் எங்கே நிக்கும்?"

"முன்னால ரோட்டுல."

"அப்போ முன்வாசல் வழியா வராம, சுத்திக்கிட்டு சாக்கடைச் சேத்துல ஏன் வரணும்?"

தெரியவில்லை என்றேன். கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. அந்தச் சேற்றை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சேறு சேறாகவே இருந்தது, அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு விஷயம். அந்த ஐப்பசியில் என் அண்ணன் மகளுக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தவளை அண்ணன் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார். பையன் பிறந்திருக்கிறான் என்று வார்டு ஆயா என் அறைக்கு வந்து சொன்னாள். "சரி" என்றேன். "நல்லாயிருக்கறாங்களா?" "நல்லாயிருக்கறாங்கம்மா." ஆயா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான் மேஜையைத் துடைத்தேன்.

கட்டிங் மாஸ்டர் அடுத்த முறை வந்தபோது, வணக்கம் சொல்லி உட்கார்ந்ததுமே கேட்டேன். "ஏனுங்க, முன்வாசல்லயே பஸ் நிக்குது. எதுக்குச் சந்து சுத்தி வர்றீங்க?"

முதல் தடவையாக அவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. மடியிலிருந்த கையைப் பார்த்தார்.

"முன்னால கொளந்தைங்க இருக்குதுங்களே" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அவருக்கு ஒரே தங்கை. சேவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு இவர் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைப்பது எங்களில் பெரிய விஷயம். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் பார்த்துப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். மாமனைப்போலப் பொறுமையாக வரட்டும் என்று இவரையே வைக்கச் சொன்னார்கள். வலது கை விரலால் வைத்தார். குழந்தை தங்கவில்லை. பேர்கூட வைக்கவில்லை.

"ஆராச்சும் உங்களைச் சொன்னாங்களா?"

"ஆரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. என்ர தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லலீங்க. எல்லாரும் எப்பவும்போலத்தானுங்க பேசுனாங்க."

அது நடந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அப்போதெல்லாம் கை நன்றாகத்தான் இருந்தது. தங்கை மறுபடி உண்டாகி, மறுபடி இவர் வீட்டுக்கு வந்தாள். ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து வீடு திரும்பினார். வாசலில் செருப்புகள். பையன் பிறந்திருந்தான்.

"ஊட்டுக்குள்ள போனனுங்க. சேனை வெச்சாச்சுன்னாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரக் கூப்புட்டு வெச்சிருக்கறாங்க. நல்லதுதானுங்க. சந்தோசம்னு சொன்னனுங்க. கொளந்தையத் தூக்குங்கன்னாங்க, கை அழுக்குன்னுட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டனுங்க."

தண்ணீர் இறைத்துக் கையைக் கழுவியிருக்கிறார். கழுவும்போது தண்ணீர் சில்லென்று இல்லையே என்று தோன்றியதாம். துணியில் ரத்தம் பட்டது அதற்குப் பிறகு. தங்கை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தையைத் தொட்டில் போட்டிருக்கிற அறைக்குள் அவர் போவதே இல்லை. ஊரில் எந்தக் குழந்தை இருக்கிற வழியிலும் போவதில்லை.

சனிக்கிழமை இதையெல்லாம் வரிக்கு வரி சொன்னேன். டாக்டருக்குச் சேனை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த சிகரெட்டை அணைத்தார். இன்னொன்றைப் பற்ற வைக்கவில்லை. பிறகு தன் பழைய கேள்விக்கு வந்தார்.

"அவர் இதைச் சொன்னப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு மேடம்?"

"ஒண்ணும் தோணலைங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க டாக்டர் நேத்து போன் பண்ணினார். பதில் கேட்கிறார். நான் என்ன சொல்றது? நீங்க பார்க்கிறது, கேட்கிறது, ஞாபகம் வெச்சுக்கிறது எல்லாம் என்னைவிட நல்லாவே செய்யறீங்க. ஆனா அந்த ரூம்ல நீங்க இல்லையே. இல்லாத ஆள்கிட்ட நான் எப்படி ஒரு நோயாளியை விடறது?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னதாங்க வேணும்? நான் அழுது காட்டணுமா? எழவு வீட்டுலயும் அதையேதான் கேட்டாங்க. அழுகைக்கு நான் எங்க போறது, கடையில விக்குதா?" இந்த மாதிரிக் கத்தி நான் என் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. கீழே மருந்துக்கடையில் பேச்சு நின்றது.

அவர் அசையவில்லை. "அழ வேண்டாம்" என்றார். "அவரைக் கேட்ட கேள்வியையே உங்களையும் கேட்கிறேன். நீங்க எந்த வழியா உங்க ரூமுக்குப் போவீங்க?"

"பின் கேட் வழியா."

"எப்பவுமே அப்படித்தானா?"

"அது கிட்டம்" என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அது கிட்டம் இல்லை. என் வீட்டிலிருந்து நடந்தால் முன்வாசல்தான் முதலில் வரும். அதைத் தாண்டி, மூலையில் திரும்பி, சந்துக்குள் இறங்கி, சேற்றில் நடந்துதான் பின் கேட்டுக்கு வர வேண்டும். என் கணவர் இருந்தவரை நான் முன்வாசலில்தான் நுழைந்தேன். வார்டில் நின்று இரண்டு குழந்தையைப் பார்த்துவிட்டு, ஆயாவோடு ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் என் அறைக்குப் போவேன்.

"யார் சொன்னாங்க, அந்த வழியா வரக் கூடாதுன்னு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். சொல்லும்போதே அந்தக் கட்டிங் மாஸ்டரின் குரல் என் வாயிலிருந்து வருவது கேட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொட்டில்லாத முகம் பச்சைப்பிள்ளைக்காரியின் கண்ணில் காலையில் படக் கூடாது, இது யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. எங்கள் அத்தை கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னேன். அவள் பிறந்தபோது அவளுக்குச் சேனை வைத்ததே நான்தான். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். உன்ர புத்தி வரட்டும் என்று அண்ணன்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு என் கைதான். இப்போது அவளுடைய மகனுக்கு, அதே ஆஸ்பத்திரியில், நான் பின்னறையில் உட்கார்ந்திருக்கும்போது, வேறு யாரையோ கூப்பிட்டு வைத்தார்கள். நான் மேஜை துடைத்தேன்.

சொல்லி முடித்ததும் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. டீ வரவழைத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அவிநாசி வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

கட்டிங் மாஸ்டர் வரும் நாளில் நான் முன்வாசலில் போய் நின்றுகொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வழக்கம்போலச் சந்துப்பக்கம் திரும்பினார். கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கம் வாங்க."

"வேண்டாமுங்கம்மா. கொளந்தைங்க இருக்குதுங்க."

"நானும் அதுக்காகத்தான் இந்தப் பக்கம் வர்றதில்லீங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் போலாம், வாங்க."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கூடவே வந்தார், வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

வார்டு நடைபாதையில் இரண்டு பக்கமும் கட்டில்கள். மருந்து வாசனையும் பால் வாசனையும். மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் எங்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்து மடியிலிருந்த குழந்தையின் முகத்தை மூடினாள். மரியாதையாகத்தான் செய்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். கோபப்படக்கூட முடியாது, அவ்வளவு மென்மையாக மூடினாள்.

எனக்கு வலித்தது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்துப்போன காலில் மறுபடி ரத்தம் ஓடும்போது குத்துமே, அந்த மாதிரி, ஆனால் நெஞ்சில். என் கணவர் செத்துப்போய்விட்டார் என்பது அந்த நடைபாதையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. நின்றுவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என்னருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "உங்களப் பாத்து இல்லீங்கம்மா. வெளிச்சம் கொளந்தை கண்ணுல அடிக்குதுங்க. அதுக்குத்தான் மூடறாங்க."

பொய். ஜன்னல் அந்தப் பக்கமே இல்லை. அவ்வளவு கஷ்டத்திலும் எனக்காக ஒரு பொய் சொன்னார். சொல்லும்போது, நான் விழுந்துவிடுவேனோ என்று வலது கையை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் நீட்டியிருந்தார். என்னைத் தொடவில்லை, நீட்டி வைத்திருந்தார். நான் அழுதேன். ஆயா ஓடி வந்து என்னை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று அவரிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. என் நோயாளி எனக்குப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"வலிச்சுதுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு நான் அங்கே இருக்கும்போதே போனை எடுத்து எங்கள் டாக்டரைக் கூப்பிட்டார். "அவங்க பார்க்கட்டும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

கட்டிங் மாஸ்டரின் கை ஒரே நாளில் சரியாகவில்லை. அடுத்த தடவை தங்கையையும் கூட்டி வரச் சொன்னேன். மடியில் குழந்தையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். சேனை வைக்க ஏன் அண்ணனைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு அவள் திடுக்கிட்டுப்போனாள். "பழசெல்லாம் நெனச்சு அண்ணன் வேதனப்படுவாருன்னுங்க. அவரச் சங்கடப்படுத்த வேண்டாம்னுங்க." அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். நான் குறுக்கே பேசவில்லை. மழை முடிந்து பனி விழ ஆரம்பித்தபோது, சுண்டுவிரலில் என்னவோ ஊர்கிறாப்போல இருக்கிறது என்று வந்து சொன்னார். பிறகு மற்ற விரல்கள். மறுபடி கத்திரி பிடித்தார்.

தை பிறந்ததும் நான் குன்னத்தூர் போனேன். தோட்டத்து வீட்டில் முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். போகிறபோது மேற்கால ரூம்பு திறந்து கிடந்தது, உள்ளே நிலக்கடலை மூட்டைகள். நான் வரமாட்டேன் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டதுபோல. அண்ணன் மகள் குழந்தையோடு உள்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வைத்த சேனை, என் கோபம் அப்படியே வந்திருந்தது.

"ஏனுங்கத்தை, பின்னாடி ரூம்புலதான இருந்தீங்க" என்றாள் கடைசியில். "அத்தையக் கூப்புடுங்கன்னு அப்பாகிட்டச் சொன்னனுங்க. அவ இருக்கற நெலமைல கூப்புட்டு வேதனப்படுத்த வேண்டாம்னாரு. சரி, நீங்களா வருவீங்கன்னு நெனச்சனுங்க. அங்க இருந்த நாளெல்லாம் அந்த வாசலையே பாத்துட்டு இருந்தனுங்கத்தை. நீங்க வரவேயில்லை."

கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள், ஒரு நடைபாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். கொஞ்சம் வேகமாகவே வைத்தாள், இன்னும் கோபம் போகவில்லை. பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். நகம் வளர்ந்திருந்தது, கீறியது. வலித்தது. விரலை எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தேன்.